இரண்டு மருந்துத் துண்டுகள்

எனக்கு வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டொக்டரும் படபடப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டொக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. ஒருவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தார். மற்றவர் ஹட்டன் பஜாரில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் நோயாளிகளைப் பார்த்தார். இருவரையும் தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்கவில்லை.

கொட்டகலையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வீடு டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் எல்லையில். மனைவி அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுவார்கள். இருபது வருடமாக அவள் பார்ப்பது அந்தக் குழந்தைகளைத்தான். பால் கொடுப்பது, தூங்க வைப்பது, தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

ஆனி மாத மழையில் ஒரு காலை, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், பாசி பிடித்த சீமெந்துப் படியில் வழுக்கினேன். பதினொரு படி உருண்டு கீழே ரோட்டில் போய் விழுந்தேன். முதுகுத்தண்டின் அடியில் ஒரு எலும்பு நசுங்கிவிட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. காலுக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். இரண்டு மாதம் படுக்கை.

ஆஸ்பத்திரியில் டிரமடோல் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். "ஒரு நாளைக்கு மூணு தடவை. வலி குறையக் குறைய மாத்திரையையும் குறைச்சுக்கிட்டு வாங்க" என்றார் அந்த டொக்டர். ஒவ்வொரு கிளினிக்கிலும் வலி குறையவில்லை என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த மாத்திரை குடித்த அரைமணி நேரத்தில் முதுகோடு சேர்ந்து வேறு என்னவெல்லாமோ தளர்ந்து போகும். பாடசாலைக் கவலை, சம்பந்தமில்லாத பழைய அவமானங்கள் எல்லாம் தூரப் போய்விடும். அதை விட எனக்கு மனமில்லை.

ஊன்றுகோலோடு பாடசாலைக்குத் திரும்பிய முதல் வாரமே இன்னொன்று ஆரம்பித்தது. கரும்பலகைக்கு முகத்தைத் திருப்பி எழுதும்போது, முதுகுக்குப் பின்னால் படி இல்லாத மாதிரி இருக்கும். நெஞ்சு அடிக்கும். உள்ளங்கை ஈரமாகும். ஒரு நாள் சாதாரண தரப் பரீட்சை வகுப்பில் ஒரு சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "சேர், தண்ணி கொண்டாரவா?" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். இருபத்தாறு வருடம் யாரும் சிரிக்காத வகுப்பு அது.

அந்தச் சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் புடவைக்கடை மேல்மாடிக்குப் போனேன். டொக்டர் வயதானவர், பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "வேற ஏதும் மருந்து குடிக்கிறீங்களா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

ஊன்றுகோலைக் கதவுக்கு வெளியே சாத்திவிட்டுத்தான் உள்ளே போயிருந்தேன். மேல்மாடிப் படி ஏறினால் வலிக்கும் என்று கீழேயே ஒரு மாத்திரை விழுங்கியிருந்தேன். "ஆமாம்" என்றால் இந்த மாத்திரை கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. ஏன் கிடைக்காது என்று யோசிக்கவில்லை. கணக்கு வாத்தியார், அந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

அவர் எழுதியது குளோனசிபாம். மிகச் சின்ன மாத்திரை. அதை வீட்டில் வைக்க எனக்குப் பயம். அது நரம்புக்கும் பயத்துக்கும் கொடுப்பது என்று தெரிந்தால் தோட்டத்தில் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். வாத்தியாருக்குப் பைத்திய மாத்திரை என்ற பேச்சு மறுநாளே பாடசாலைக்கு வந்துவிடும். அதனால் அதைக் கொம்பாஸ் பெட்டிக்குள், பாகைமானிக்கு அடியில் வைத்துப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மனைவிக்கும் தெரியாது.

இரண்டையும் சேர்த்துக் குடித்த முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது. வகுப்பில் நெஞ்சு அடிக்கவில்லை. அதன் பிறகு பின்னேரங்களில் பஸ்ஸில் தூங்கிப்போய் நிறுத்தம் தாண்டி இறங்கினேன். ஒரே விடைத்தாளை இரண்டு தடவை திருத்தி இரண்டு விதமாகப் புள்ளி போட்டேன். ஒரு பிள்ளை அதைக் காட்டியபோது தாளைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தேன். குளிருக்கு வலி கூடியது. வலி மாத்திரையை மூன்றிலிருந்து ஐந்தாக்கினேன். நானாகத்தான்.

மனைவி கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு பௌர்ணமி போயா லீவு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்தபடி தூங்கி எழுந்தபோது அவள் எதிரில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தப் பாக்குற?"

"நீங்க மூச்சு விடுறத."

"என்ன?"

"விட்டு விட்டு வருது. இந்த மாதிரி தூங்குற புள்ளைய நான் தூக்கிக்கிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடுவேன். அந்த மாத்திரைய குறைங்க. டொக்டர்கிட்ட கேளுங்க."

எனக்கு வந்த கோபத்தை இன்றும் விளக்க முடியவில்லை. திருடன் பிடிபட்டால் வரும் கோபம் என்று வைத்துக்கொள்ளலாம். "ஒன் புள்ளக்காம்பரா வேலைய எங்கிட்ட காட்டாத" என்றேன். "எட்டாம் வகுப்போட நின்னவ எனக்கு மருந்து சொல்றியா?"

அவள் முக்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சோறு, தண்ணீர், மழை, பஸ் என்ற அளவில்தான் பேச்சு இருந்தது.

வழக்கமாக வலி மாத்திரையை ஆஸ்பத்திரியில் எடுப்பேன். மற்றதை ஹட்டனில் ஒரு கடையில் வாங்குவேன். ஐப்பசியில் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் டிரமடோல் முடிந்துவிட்டது, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மருந்துத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். நான் வழக்கமாகப் போகும் கடையும் அன்று பூட்டியிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வேறொரு மருந்துக்கடைக்குப் போய் இரண்டு டொக்டர்மாரின் துண்டையும் ஒன்றாக நீட்டினேன்.

கடையில் இருந்தவர் சிங்களப் பெண், நாற்பது வயது இருக்கும். தமிழ் தெரியும், கொஞ்சம் உடைந்த தமிழ். துண்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சேர், இது ரெண்டும் ஒரே ஆளுக்கா?"

"பேர் எழுதியிருக்குத்தானே. வாசிக்கத் தெரியாதா?"

"இது எழுதின டொக்டருக்கு அது தெரியுமா சேர்? ரெண்டும் ஒண்ணா குடிக்க ஏலாது. நித்திரையில மூச்சு நின்னு போகும். நம்பர் இருக்கு, நான் டொக்டருக்கு கோல் எடுத்து கேக்கிறேன்."

டெலிபோனைக் கையில் எடுத்தார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் என் வகுப்புப் பிள்ளையின் தகப்பன். அந்தத் துண்டில் என்ன மருந்து, எதற்கு மருந்து என்று அந்தப் பெண் சத்தமாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. சொல்லும் உத்தேசமும் அவருக்கு இருந்திருக்காது.

நான் கத்தினேன். டொக்டருக்குப் படித்தது நீயா என்று கேட்டேன். முதலில் ஒழுங்காகத் தமிழ் பேசக் கற்றுக்கொண்டு வந்து தமிழனுக்கு மருந்து விற்கச் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை, அவருக்கு நன்றாக விளங்கட்டும் என்று சிங்களத்திலும் ஒரு சொல் சொன்னேன். ஒரு பெண்ணிடம் யாரும் சொல்லக் கூடாத சொல். வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிள்ளையின் தகப்பன் மருந்து வாங்காமலே வெளியே போனார்.

கடைக்காரப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. டெலிபோனைக் கீழே வைத்தார். இரண்டு துண்டையும் என் பக்கம் தள்ளினார். "நான் தர மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் இரண்டு வேறு கடைகளில் தனித்தனியாக வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது ஏதோ வழக்கில் வென்ற மாதிரி இருந்தது.

கார்த்திகையில் தடிமல் பிடித்தது, நெஞ்சில் சளி கட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை இருமி இருமி முதுகு உடைந்துவிடும் போல் இருந்தது. இரண்டு வலி மாத்திரை குடித்தேன். இருமல் பாணி இரண்டு மூடி. பதினொரு மணிக்குப் படபடப்பு வந்தது, கொம்பாஸ் பெட்டியிலிருந்து ஒன்று எடுத்தேன். அடங்கவில்லை என்று இன்னொன்று. சாகும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. திங்கட்கிழமை செய்ய வேண்டிய வேலைகளை யோசித்துக்கொண்டிருந்தேன். கதிரையில் சாய்ந்தேன். இதற்கு மேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் மனைவி சொன்னது. அதையும் அவள் ஒரே தடவைதான் சொன்னாள்.

அவள் பின்னால் மரக்கறித் தோட்டத்தில் கோவாக் கன்றுகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டை மூடி வைத்திருந்தாள். என்னைக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். ஒரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே வந்தாள். நான் தூங்குவதைப் பார்த்துக் கடந்து போனவள், குசினி வாசலில் நின்றுவிட்டாளாம். குறட்டைச் சத்தம் இல்லை. திரும்பி வந்து பக்கத்தில் நின்று எண்ணியிருக்கிறாள். பதினைந்து எண்ணிய பிறகு ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்கு இருபது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்ததாம்.

உலுக்கினாள், நான் அசையவில்லை. கன்னத்தில் அறைந்தபோது ஒரு மூச்சு எடுத்தேன். அதனால் திரும்பத் திரும்ப அறைந்தாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஓட்டோக்காரர் ஓடிவந்தார். தூக்கும்போது மருந்து எழுதிய கிளினிக் கொப்பி இருக்கும் என்று என் புத்தகப் பையையும் எடுத்துக்கொண்டாள். ஓட்டோவில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க அறைந்து கத்திக்கொண்டே வந்திருக்கிறாள். "மூச்சு விடு! விடுடா மூச்ச! ஏ மனுசா, விடு!" கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னை ஒருமையில் கூப்பிட்டது அன்றைக்குத்தான். ஓட்டோக்காரர் பிறகு எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் மாட்டிவிட்டு, "என்ன மருந்து குடிச்சாரு?" என்று ஒரு இளம் பெண் டொக்டர் கேட்டார். அவள் கொப்பியை நீட்டி வலி மாத்திரையைக் காட்டினாள். அதற்கு மாற்று ஊசி போட்டார்கள். நான் கண்ணைப் பாதி திறந்தேனாம். பிறகு மறுபடி மூச்சு அடங்கத் தொடங்கியது.

"வேற ஏதோ குடிச்சிருக்காரு. என்னது?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுல சண்டையா? சாகணும்னு ஏதாவது குடிச்சாரா?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் சண்டை இருந்தது உண்மைதானே. பையைத் தலைகீழாகக் கட்டிலில் கொட்டினாள். கொம்பாஸ் பெட்டி விழுந்து திறந்துகொண்டது. மாத்திரை அட்டையை டொக்டர் எடுத்துப் பார்த்தார். பிறகு எல்லோரும் வேகமாக ஓடினார்கள். தொண்டைக்குள் குழாய் போட்டு இரண்டு நாள் இயந்திரம்தான் எனக்காக மூச்சு விட்டது.

குழாயை எடுத்த மறுநாள் அந்த டொக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என் பழைய மாணவி ஒருத்தியின் வயதுதான் இருக்கும். கோபத்தை மறைக்கவில்லை.

"வலி மாத்திரையும் மூளைய மந்தமாக்கும், மத்ததும் மந்தமாக்கும். மூச்சு விடணும்னு மூளை நினைச்சுக்கிட்டே இருக்கணும் சேர். ரெண்டையும் சேர்த்துக் குடிச்சா அது மறந்துடும். இதுல இருமல் பாணி வேற, நெஞ்சுல சளி வேற. நீங்க படிச்சவர்."

"எனக்குத் தெரியாது" என்றேன். குரல் கிழிந்து வந்தது.

"யாருமே சொல்லலையா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மனைவி சமைத்தாள், துவைத்தாள், மருந்து கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. உயிரைக் காப்பாற்றியவள் கொஞ்சம் அன்பாக இருக்கக் கூடாதா என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, "இன்னும் எவ்வளவு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கப் போற?" என்று கேட்டேன்.

கையிலிருந்த ஈரத் துணியை அப்படியே தரையில் போட்டாள்.

"நீங்க செத்திருப்பீங்கன்னு எனக்குக் கோவம் இல்ல. சாவு எல்லாருக்கும் வரும். அந்த டொக்டர் புள்ள ஒம் புருசன் என்ன குடிச்சான்னு கேட்டுச்சு. தெரியலன்னு நின்னேன். சாகத்தான் குடிச்சானான்னு கேட்டுச்சு. அதுவும் தெரியலன்னு நின்னேன். ரோட்டுல கெடந்த ஆளத் தூக்கிட்டு வந்தவ மாதிரி நின்னேன். இருபத்திரெண்டு வருசம் இந்த வீட்டுல நான் யாரு?"

எட்டாம் வகுப்போடு நின்றவள் தரையில் போட்ட ஈரத் துணியை நான்தான் குனிந்து எடுத்தேன்.

மாத்திரைகளை ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது என்றார்கள், வலிப்பு வரலாமாம். இப்போது இரண்டையும் ஒரே டொக்டர் பார்த்தார். வலி மாத்திரையைச் சில வாரங்களில் குறைத்து நிறுத்தினார். மற்றதைக் கால் கால் மாத்திரையாக, மாதக்கணக்கில். அந்த மாதங்களில் நான் நல்ல மனிதனாக இருக்கவில்லை. வியர்த்தது, கால் துடித்தது, சின்னச் சத்தத்துக்கும் கத்தினேன். மாத்திரை அட்டை மனைவியின் கைப்பையில் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விடும். அங்கே தொட்டில் துணிகளுக்கு நடுவே போய் நின்று, அவள் உள்ளங்கையில் வைக்கும் கால் மாத்திரையை வாங்கி விழுங்குவேன். குழந்தைகளை விட வந்த தாய்மார் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் மறைத்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவளை அப்போது வெறுத்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

தைப்பொங்கல் கழிந்து ஹட்டன் மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன்; திட்டியது கூட்டத்தில், மன்னிப்புக் கேட்கப் போனது தனியாக. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார். நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னதுதான் சரி என்றேன். அன்று பேசியதற்கு மன்னிக்கச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் மேசையில் இருந்த மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சேர் பிழைச்சது நல்லம்" என்றார். "நீங்க பேசிப் போன அடுத்த கிழமை ஒரு அம்மா வந்தாங்க. டயகம பக்கம்னு சொன்னாங்க. அவங்களும் இந்த மாதிரி ரெண்டு துண்டு வச்சிருந்தாங்க. கூட ஒரு பெரிய ஆள் நின்னாரு, மகனா தெரியல. அவரும் சத்தம் போடுவாரோன்னு எனக்குப் பயம். நான் ஒண்ணும் கேக்கல்ல. கட்டிக் குடுத்திட்டேன்."

"பிறகு?"

"பிறகு வரல்ல. ஒரு மாசத்துக்கு எழுதின துண்டு. திரும்ப வரணும். வரல்ல."

"வேற கடைக்குப் போயிருப்பாங்க."

"இருக்கும்" என்றார். "சேருக்கு வேற ஏதும் வேணுமா?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அடுத்து வந்தவரிடம் துண்டை வாங்கிப் படிக்கத் தொடங்கினார்.

அன்று வீட்டில் இதை மனைவியிடம் சொன்னேன். எதையும் மறைக்காமல், கடையில் அந்த முதல் நாள் நான் சொன்ன சொல்லையும் சேர்த்து. அவள் அதுவரை அதைக் கேள்விப்படவில்லை. "அந்த அம்மாவப் போய்த் தேடுங்க" என்றாள்.

சனிக்கிழமை பஸ் ஏறி டயகமவுக்குப் போனேன். பெயர் தெரியாத, முகம் தெரியாத ஒருத்தியை எப்படித் தேடுவது? தோட்டத்து வீட்டு வரிசைகளில், லயம் லயமாக நின்று, வலிக்கும் பயத்துக்கும் இரண்டு விதமான மாத்திரை குடிக்கிற அம்மா யாராவது இங்கே இருக்கிறார்களா என்று கேட்டேன். இரண்டையும் சேர்த்துக் குடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். சிலர் கேட்டார்கள். ஒரு லயத்தில் நடுவயது ஆள் ஒருவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க யாரு? எந்த ஆபீசு?"

"ஆபீசு இல்லீங்க. நான் ஒரு வாத்தியார்."

"எங்க லயத்துல பைத்தியம் ஒண்ணும் கெடையாது. ஊர் ஊரா வந்து பொம்பளைங்க குடிக்கிற மருந்த விசாரிக்கிறியா? போய்யா."

அவருக்குப் பின்னால், இருட்டான காம்பராவுக்குள் யாரோ இருமினார்கள். பெண் குரலா ஆண் குரலா என்று தெரியவில்லை. "உள்ள இருக்கிறவங்களுக்குச் சும்மா சொல்லிட்டுப் போறேன்" என்றேன். அவர் கதவைச் சாத்தினார். மூடிய கதவுக்கு முன்னால் நின்று, வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்க வைக்கும் குரலில், இரண்டு மருந்துகளின் பெயரையும் சொல்லி, ஒன்றாகக் குடிக்க வேண்டாம், தானாக நிறுத்தவும் வேண்டாம், டொக்டரிடம் இரண்டையும் காட்டுங்கள் என்று சொன்னேன். உள்ளேயிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. ஏறக்குறைய நான் கடையில் சொன்ன அதே வார்த்தை, தமிழில்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கெடைச்சாங்களா?"

"இல்ல."

"இன்னும் எத்தன லயம் இருக்கு?"

"நெறைய."

"அடுத்த சனிக்கெழம நானும் வாரேன்" என்றாள். முகத்தை நிமிர்த்தவில்லை. "ஒங்களுக்குக் கதவு தொறக்க மாட்டாங்க."